டீமுக்கு ஒரு கோச் வைத்தால் உண்மையில் என்ன கிடைக்கும்?

கேள்வி இதுதான்: எட்டுப் பேர் கொண்ட ஒரு டீம். எல்லோரும் விஷயம் தெரிந்தவர்கள். ஆனாலும் வேலை இழுத்துக்கொண்டே போகிறது, ஒரே விஷயத்தை மூன்று முறை பேச வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு கோச் ஏற்பாடு செய்யலாம் என்கிறது நிர்வாகம். இதனால் நிஜமாகவே பலன் உண்டா, இல்லை, இரண்டு நாள் கைதட்டிவிட்டு மறந்துபோகிற இன்னொரு டிரெயினிங்தானா?

பலன் உண்டு. ஆனால் எல்லா டீமுக்கும் இல்லை, பெரும்பாலானவர்கள் எதிர்பார்க்கிற இடத்திலும் இல்லை. கோச் வந்தால் ஆட்களுக்கு உற்சாகம் வரும், ஒற்றுமை வரும் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். வந்தால் சந்தோஷம். அதற்காக மட்டும் ஒருவரைக் கூப்பிட வேண்டாம் என்பேன். எட்டுப் பேரிடமும் ஏற்கெனவே இருக்கிற திறமை அவர்களுக்கு நடுவில் எங்கெங்கோ ஒழுகிப் போய்க்கொண்டிருக்கும். அந்த ஓட்டைகளை அவர்களே கண்டுபிடித்து அடைக்கும்படி செய்வதுதான் டீம் கோச்சின் வேலை. நான் பல வருடங்களாக டீம்களோடு உட்கார்ந்து இந்த வேலையைச் செய்கிறேன், சொதப்பியும் இருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்தையும் சொல்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கோச்சிங் என்றால் நமக்குத் தேர்வுக்கான வகுப்பும் விளையாட்டு மைதானமும்தான் ஞாபகம் வரும். ஹங்கேரியில் கோச் என்ற கிராமத்தில் செய்த குதிரை வண்டிக்கு அந்த ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு 19ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைப் பரீட்சையில் கரையேற்றிவிடுகிற தனி ஆசிரியரை அந்த வண்டிப் பெயரால் அழைக்க ஆரம்பித்தார்கள். ஆகக் கோச் என்பது ஆளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி. எங்கே போக வேண்டும் என்று வண்டி சொல்லாது. இது வேடிக்கைக்குச் சொன்னாலும், டிரெயினிங்குக்கும் கோச்சிங்குக்கும் உள்ள வித்தியாசம் இதில் அடங்கிவிடுகிறது. டிரெயினர் தனக்குத் தெரிந்ததை உங்களுக்குச் சொல்லித்தருவார். கோச் உங்கள் வேலையையே முன்னால் வைத்துக்கொண்டு, அதை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்பதில் உங்கள் கவனத்தைத் திருப்புவார். எட்டுப் பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவது டீம் கோச்சிங் ஆகாது. அது எட்டு தனிநபர் கோச்சிங். அதற்கும் பயன் உண்டு, ஆனால் அது வேறு சமாச்சாரம்.

சரி, திறமை ஒழுகுகிறது என்றேனே, அது எப்படி? மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்தார். 1913இல் அந்த அளவுகளை வெளியிட்டார். ஒரு ஆள் தனியாக இழுக்கும் பலத்தை 100 என்று வைத்தால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு ஏறக்குறைய 50தான் தேறியது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போதும் இதே கணக்குதான் போலிருக்கிறது. ஆளுக்கொரு நேரத்தில் இழுத்ததால் பலம் வீணாயிற்றா, அல்லது மற்றவர் இழுப்பார் என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் கையைத் தளர்த்தினார்களா? 1974இல் ஆலன் இங்கமும் அவருடைய சகாக்களும் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் மற்றவர்களும் இழுப்பதாக நம்பவைத்தார்கள். உண்மையில் இழுத்தது அந்த ஒரே ஆள். அப்போதும் அவர் தனியாக இழுத்ததைவிடக் குறைவாகத்தான் இழுத்தார். ஆக ஓட்டை இரண்டு: ஒருங்கிணைப்பில் ஒன்று, முயற்சியில் ஒன்று.

அலுவலக வேலையில் மூன்றாவதும் உண்டு. யாருக்கு என்ன தெரியும் என்பதே மற்றவருக்குத் தெரியாது. ரிச்சர்ட் ஹேக்மன், ரூத் வேக்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2005இல் டீம் கோச்சிங்குக்கு ஒரு கோட்பாடு எழுதினார்கள். முயற்சி, வேலை செய்யும் முறை, அறிவையும் திறமையையும் பயன்படுத்தும் விதம் என்ற மூன்றில்தான் கோச்சால் பலன் காட்ட முடியும் என்பது அதன் சாரம். உறவுகளைச் சரிசெய்வதில் இறங்கும் கோச்சிங் வேலையின் தரத்தை உயர்த்தும் என்று நம்பிவிட வேண்டாம் என்றும் சொன்னார்கள். இதை நான் முதலில் படித்தபோது ஒப்புக்கொள்ளவில்லை. சண்டை போடுகிற இரண்டு பேரை வைத்துக்கொண்டு வேலை எப்படி நடக்கும் என்றுதான் தோன்றியது. பிறகு அனுபவத்தில் பார்த்தால், பாதிச் சண்டைக்குக் காரணம் குணம் இல்லை. இது யார் வேலை என்று யாரும் தெளிவாகச் சொல்லாததுதான். அதைத் தெளிவாக்கியதும் பழைய பகை தானாக வடிந்துவிடுகிறது. வடியாத பகையும் உண்டு. அதைத் தீர்க்கிற ஆள் கோச் கிடையாது.

நான் பார்த்த ஒரு மீட்டிங்கைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போலவே எட்டுப் பேர். வாராந்திர மீட்டிங், ஐம்பது நிமிடம். நான் மூலையில் உட்கார்ந்து வாயைத் திறக்கவில்லை. மேனேஜரும் ஒரு சீனியரும் மட்டுமே பேசினார்கள். மற்றவர்கள் லேப்டாப்பைப் பார்த்தபடி அவ்வப்போது தலையாட்டினார்கள். "சரி, அப்போ அப்படியே பண்ணிடலாம்" என்று மேனேஜர் எழுந்திருக்கப் போனார். "ரெண்டு நிமிஷம்" என்று அனுமதி கேட்டு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்தேன். "இப்போ என்ன முடிவாச்சு, யார் செய்யப்போறாங்க, எந்தத் தேதிக்குள்ள. பக்கத்துல பார்க்காம எழுதுங்க."

எட்டுச் சீட்டையும் மேஜையில் பரப்பினோம். வாடிக்கையாளருக்குப் பழைய பதிப்பையே அனுப்புவதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். புதியதை அனுப்புவதாக மூன்று பேர். இன்னொரு முறை சோதித்துவிட்டுப் புதியதை அனுப்புவதாக ஒருவர். "இன்னும் முடிவாகவில்லை" என்று ஒருவர். ஒரு சீட்டு காலியாக இருந்தது. 'யார்' என்ற இடத்தில் நான்கு சீட்டில் ஒரே பெண்ணின் பெயர் இருந்தது. அந்தப் பெண் எழுதிய சீட்டில் மட்டும் வேறொருவர் பெயர். யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் சீட்டுகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "நாலு மாசமா இப்படித்தான் போயிட்டிருந்துச்சா?" என்றார்.

அதற்கு மேல் நான் செய்தது மிகக் குறைவு. "இதுக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பதுதான் இந்தத் தொழிலிலேயே கஷ்டமான பகுதி. நாக்கு நுனியில் பதில் துறுதுறுக்கும். அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு மீட்டிங்கிலும் கடைசி ஐந்து நிமிடம், டீமிலேயே புதிதாகச் சேர்ந்தவர் முடிவுகளை உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் திருத்த வேண்டும். ஏன் புதியவர்? சீனியர் சொன்னால் யாரும் திருத்த மாட்டார்கள் என்று அவர்களே சொன்னார்கள். இந்த ஏற்பாட்டை நான் சொல்லியிருந்தால் இரண்டு வாரத்தில் கைவிட்டிருப்பார்கள். தாங்களே போட்ட வழி என்பதால் நான் விலகிய பிறகும் நடந்தது.

கோச்சிங்கின் முதல் பலன் இப்படித்தான் கிடைக்கும்: சின்னதாக, பார்க்க அழகில்லாமல், ஆனால் தினமும் நேரம் மிச்சம் பிடித்துக்கொண்டு. செய்த வேலையையே திரும்பச் செய்வது குறையும். 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்கிற மின்னஞ்சல்கள் குறையும்.

இரண்டாவது பலன் இதைவிடப் பெரியது, ஆனால் கண்ணுக்கு லேசில் படாது. தவறு நடந்ததை ஆட்கள் சீக்கிரம் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராயப் போனார். நன்றாக இயங்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகம். காரணம், அங்கே பிழையை மறைக்கவில்லை. 1996இல் அது வெளிவந்தது. 1999இல் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்தபோது, குழுத் தலைவர் கோச் போல நடந்துகொள்கிற இடங்களில், பேசினால் தலை போகாது என்ற நம்பிக்கை ஆட்களிடம் கூடுதலாக இருப்பதும், அந்த நம்பிக்கை உள்ள குழுக்கள் வேகமாகக் கற்றுக்கொள்வதும் தெரிந்தது.

இந்த 'பேசலாம்' என்கிற நிலைமை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான ஆதாரம் அறுவைச் சிகிச்சை அறைகளிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனைகளில், அறுவைக் குழுவினர் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கூடிப் பேசுவது, சந்தேகம் வந்தால் யாராக இருந்தாலும் நிறுத்தச் சொல்வது ஆகியவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சிக் கூட்டம் ஒரே நாள்தான். ஆனால் அதற்கு முன் இரண்டு மாதத் தயாரிப்பு. அதற்குப் பின் ஒரு வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோச்சிங் உரையாடல். 2010இல் வெளியான முடிவின்படி, இதில் சேர்ந்த 74 மருத்துவமனைகளில் ஆண்டு இறப்பு விகிதம் 18% குறைந்தது. இன்னும் சேராத 34 மருத்துவமனைகளில் 7% குறைந்தது. உங்கள் அலுவலகத்தில் யார் உயிரும் போகப்போவதில்லை என்பது சரி. நான் இதைச் சொல்வது அந்த ஒரு வருடத் தொடர்ச்சிக்காக. ஒரு நாள் கூட்டத்தோடு விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது நம் எல்லோருக்கும் அனுபவத்தில் தெரிந்ததுதான்.

எப்போது கோச்சைக் கூப்பிடுவது என்பதும் முக்கியம். பலர் தீப்பிடித்த பிறகு கூப்பிடுகிறார்கள். கோனி கெர்சிக் 1988இல் எட்டுக் குழுக்களை ஆரம்பம் முதல் கடைசிவரை கூடவே இருந்து கவனித்தார். மிகக் குறுகிய கெடு ஒரு வாரம், மிக நீண்டது ஆறு மாதம். எந்தக் குழுவானாலும், முதல் சந்திப்பில் பிடித்த பாதையையே விடாமல் பிடித்துக்கொண்டு போயின. கெடுவின் ஏறக்குறைய நடுப்புள்ளியில்தான் திடீரென விழித்துக்கொண்டு முறையை மாற்றின. ஒரு வாரக் குழுவுக்கு மூன்றாவது நான்காவது நாள், ஆறு மாதக் குழுவுக்கு மூன்றாவது மாதம். இதை வைத்து ஹேக்மனும் வேக்மனும் சொல்வது: தொடக்கத்தில் முயற்சியைப் பற்றிப் பேசுங்கள், நடுவில் முறையைப் பற்றி, முடிவில் கற்றதைப் பற்றி. ஒரு வேலை சூடுபிடித்து ஓடிக்கொண்டிருக்கும்போது 'நம் முறையை மாற்றலாமா' என்று கேட்டால் யார் காதிலும் ஏறாது. அதே கேள்வி நடுப்புள்ளியில் பழமாக விழும்.

முடிவில் பேசுவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், வேலை முடிந்தால் போதும் என்று. அதில் நிறைய இழப்பு இருக்கிறது. வேலை முடிந்த கையோடு என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று உட்கார்ந்து பேசுகிற பழக்கத்தைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து 46 மாதிரிக் குழுமங்களை ஸ்காட் டானன்பாமும் கிறிஸ்டோபர் செரசோலியும் 2013இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முறையாகச் செய்தால் செயல்திறன் சராசரியாக 20 முதல் 25% கூடுகிறது என்று வந்தது. இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தருகிற வேறு எதையும் நான் அலுவலகங்களில் பார்த்ததில்லை. முறையாக என்பதில்தான் சூட்சுமம். யார் மேல் பழி என்று தேடினால் அடுத்த முறை எல்லோரும் வாயைப் பூட்டிக்கொள்வார்கள்.

ஃபீட்பேக்கும் அப்படித்தான். ஃபீட்பேக் கொடுத்தாலே நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. குளூகரும் டினிசியும் 1996இல் 600க்கு மேற்பட்ட ஒப்பீடுகளைத் தொகுத்தபோது, சராசரியில் நன்மை இருந்தாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான இடங்களில் ஃபீட்பேக்குக்குப் பிறகு வேலை மோசமாகியிருந்தது. வேலையை விட்டு ஆளின் மேல் கவனம் திரும்பினால் இப்படி ஆகும். "நீங்க பொறுப்பில்லாம இருக்கீங்க" என்றால் அந்த ஆள் அன்று முழுக்கத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதில் இருப்பார். "செவ்வாய்க்கிழமை வர வேண்டிய கோப்பு வியாழக்கிழமைதான் வந்துச்சு, அதனால சோதனைக்கு ஒரு நாள்தான் கிடைச்சுது" என்றால் பேச ஏதோ இருக்கிறது. இந்த இரண்டாவது மாதிரிப் பேச்சு டீமுக்குப் பழகிவிட்டால் கோச்சுக்குக் கொடுத்த காசுக்குப் பழுதில்லை.

இப்போது கசப்பான பகுதி. கோச் வைத்தும் ஒன்றும் நடக்காத டீம்கள் நிறைய. ரூத் வேக்மன் ஜெராக்ஸ் நிறுவனத்தில் 43 சேவைக் குழுக்களை ஆராய்ந்து 2001இல் எழுதியது இதில் முக்கியமானது. குழு எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான், தலைவர் எப்படிக் கோச் செய்கிறார் என்பதைவிட, பலனை அதிகம் தீர்மானித்தது. நன்றாக அமைந்த குழுவுக்கு நல்ல கோச்சிங் கூடுதல் பலன் தந்தது. மோசமாக அமைந்த குழுவில் நல்ல கோச்சிங்கும் பெரிதாக எடுபடவில்லை. மோசமான கோச்சிங்கோ இருந்ததையும் கெடுத்தது. ஹேக்மன் பின்னாளில் இதை ஒரு குத்துமதிப்பான கணக்காகச் சொன்னார்: ஒரு குழு எப்படிச் செயல்படும் என்பதில் 60% அதை அமைத்த விதம், 30% தொடங்கிவைத்த விதம், மிச்சம் 10%தான் ஓடும்போது செய்கிற கோச்சிங். எங்கள் தொழில்காரர்கள் இந்தக் கணக்கை விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

ஆகவே எட்டுப் பேரில் மூன்று பேர் இன்னொரு டீமிலும் பாதி நேரம் வேலை செய்கிறார்கள், இலக்கு மாதத்துக்கொருமுறை மாறுகிறது, ஊக்கத்தொகை முழுக்கத் தனிநபர் எண்ணிக்கையை வைத்து வருகிறது என்றால், முதலில் அதை நிர்வாகம் சரிசெய்யட்டும். குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டு, அதைச் சுமக்கிற உற்சாகத்துக்கு கோச் தேடுவதில் அர்த்தமில்லை.

நான் சொதப்பிய கதை வேறு மாதிரி. ஒரு நிறுவனத்தில் ஏழு பேர் கொண்ட டீமோடு மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு எச்.ஆர். பிரிவிலிருந்து ஒருவர், "யார் யார் என்ன பேசறாங்கன்னு ஒரு சின்ன ரிப்போர்ட் குடுங்களேன்" என்றார். பெயர் போடாமல், பொதுவாக நாலு வரி எழுதிக் கொடுத்தேன். பெரிய தப்பு. அந்த நாலு வரியில் ஒன்று அப்ரைசல் சமயத்தில் ஒருவரிடம் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அடுத்த சந்திப்பில் ஏழு பேரும் மிக மரியாதையாக இருந்தார்கள். எல்லாம் நன்றாகப் போகிறது என்றார்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் ஒரு உண்மையும் பேசவில்லை. இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுகிறேன்: அறையில் பேசியது அறையோடு, நிர்வாகத்துக்கு என்ன போக வேண்டும் என்பதை டீமே எழுதும்.

வெளியாள் வேண்டுமா, உள்ளேயே ஒருவர் போதுமா என்றால், இதில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. தனிநபர் கோச்சிங் பற்றிய 17 ஆய்வுகளை 2016இல் தொகுத்தபோது உள் ஆட்கள் செய்த கோச்சிங்தான் அதிகப் பலன் காட்டியது. வெளியாளுக்கு ஒரே வசதி, முட்டாள்தனமான கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்கலாம். மேனேஜரே கோச்சாக இருக்க முடியுமா? கூகுள் தன் மேனேஜர்களைப் பற்றி நடத்திய புராஜெக்ட் ஆக்சிஜன் ஆய்வில் நல்ல மேனேஜரின் குணங்களில் முதலாவதாக வந்தது 'நல்ல கோச்சாக இருப்பது' என்பதுதான். தினசரி வேலையில் அவரால் முடியும், அவர்தான் செய்யவும் வேண்டும். ஆனால் மதிப்பெண் போடுகிறவரும் அவரே என்பதால், அவரைப் பற்றியே பேச வேண்டிய பேச்சு அவர் முன்னால் வராது. அந்த இடத்துக்கு மட்டும் வேறொருவர் தேவை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதத்தை வாரம் ஒரு வகுப்பு என்று நிரப்பவிடாதீர்கள். நீங்கள் செய்துகொண்டிருக்கும் ஒரு நிஜ வேலையைத் தேர்ந்தெடுத்து, அதன் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் கோச் வரட்டும்; நடுநடுவே உங்கள் வழக்கமான மீட்டிங்கில் வந்து சும்மா உட்காரட்டும். பேசவரும் கோச்சிடம், "நீங்க போன பிறகு நாங்க என்ன செஞ்சுட்டிருப்போம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலில் அவரே திரும்பத் திரும்ப வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பலனை அளக்க மனநிறைவுப் படிவம் வேண்டாம்; அதில் எல்லோரும் நாலு நட்சத்திரம் போடுவார்கள். இன்றே மூன்று விஷயத்தை எண்ணி வையுங்கள்: ஒரு மாதத்தில் எத்தனை வேலை திரும்பி வந்தது, ஒரு பிரச்சினை தெரிந்ததிலிருந்து டீம் முழுக்கக் கேள்விப்பட எத்தனை நாள் ஆயிற்று, மீட்டிங்கில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள். மூன்றாம் மாதம் திரும்ப எண்ணுங்கள்.

அதற்கும் முன்னால், செலவே இல்லாத ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மீட்டிங் முடிந்ததும் அந்தத் துண்டுச் சீட்டை நீங்களே கொடுத்துப் பாருங்கள். எட்டும் எட்டு விதமாக வந்தால், கோச்சோ நீங்களோ, யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. எட்டிலும் ஒரே பதில், ஒரே பெயர், ஒரே தேதி இருந்து, அப்படியும் வேலை இழுக்கிறது என்றால், ஓட்டை டீமுக்கு வெளியே எங்கோ இருக்கிறது. அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போங்கள்.